சாப்பாடு இல்லாத கவுன்

எங்கள் வீட்டில் தைக்கத் தெரிந்தவள் என் மனைவி. தைப்பவன் நான். இந்த ஏற்பாட்டில் என்ன கோளாறு என்பது, என் பிள்ளைகள் போட்டிருக்கும் துணியைப் பார்த்தாலே யாருக்கும் விளங்கிவிடும்.

அவள் கல்யாணத்துக்கு முன்பே கொல்லங்கோட்டில் தையல் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். தையல் மெஷினும் அவளோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அதன் மேல் துவைத்த துணியை வைத்தாள், அரிசிப் பையை வைத்தாள், ஒருமுறை அடைகாக்கும் கோழியைக் கூடையோடு தூக்கி வைத்தாள். உட்கார்ந்து தைத்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கத்துக்கிட்டதே எனக்கு அது புடிக்காதுன்னு தெரிஞ்சுக்கத்தானுங்க" என்றாள். அவளுக்குப் பிடித்த வேலை பால் சொசைட்டியில். விடியலில் போய் ஊர் மாடுகளின் பாலை அளந்து, யார் யார் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, சிலரிடம் சொல்லியும் சிலரிடம் சும்மா சிரித்துவிட்டும் வருவாள். வீட்டிலும் அதே கண்தான். நான் பேசும் பேச்சில் எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர் என்று அவளுக்குப் பால்மானி இல்லாமலே தெரியும்.

நான் பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் மாங்காய் ஷெட்டில் வேலை பார்க்கிறவன். தை மாதத்தில் ஆரம்பித்தால் கோடை முழுக்க மூச்சு விட நேரம் இருக்காது. காயைத் தரம் பிரிக்க வேண்டும், காம்பு கிள்ள வேண்டும், பெட்டியில் அடுக்க வேண்டும். காம்பைக் கிள்ளும்போது மாங்காய் பால் பீய்ச்சும். தோலில் பட்டால் வேகும். துணியில் பட்டாலோ அப்போதைக்கு ஒன்றுமே தெரியாது, தண்ணீர் தெறித்த மாதிரிதான் இருக்கும். துவைத்து வெயிலில் போட்டால்தான் தன் முகத்தைக் காட்டும். பழுப்புப் புள்ளி, பிறகு கறுப்புப் புள்ளி. என் வேலைச் சட்டைகள் எல்லாம் சிறுத்தைக்குப் பிறந்தவை போல இருக்கும்.

மழை பிடித்துவிட்டால் ஷெட்டில் வேலை கிடையாது. வேலையில்லாத ஆண்பிள்ளை ஒரு சின்ன வீட்டில் எவ்வளவு பெரிய பொருள் என்பதை என் மனைவி அந்த மாதங்களில் தெரிந்துகொள்வாள். எங்கே நின்றாலும் வழியில்தான் நிற்பேன். அப்படியொரு மழைக்காலத்தில்தான் கோழியைக் கீழே இறக்கிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

காரணம் என் மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது இருக்கும். சாப்பிடமாட்டாள். சோற்றுக் கிண்ணத்தோடு நான் முற்றத்தைச் சுற்றி வருவேன், அவள் எனக்கு முன்னால் ஓடுவாள், கோழிகள் எங்களுக்குப் பின்னால் ஓடும். கோழிகள்தான் கொழுத்தன. ஒருநாள் துணிக்கடையில் மீந்த துண்டாக நல்ல மஞ்சள் துணி கிடைத்தது. அதில் ஒரு கவுன் தைத்து, நிலக்கடலை நிறத்தில் பட்டன் வைத்து, கழுத்தோரம் சிவப்பு நூலில் ரெண்டு காய்ந்த மிளகாய் போட்டு, அவள் முன்னால் விரித்தேன்.

"இது எலுமிச்சஞ்சோறு கண்ணு. மேல போட்டுக்கிட்டா உள்ளயும் கொஞ்சம் போவோணும். அதுதான் சட்டம்."

அவள் கவுனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போட்டுக்கொண்டாள். ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். அன்றைக்கு மத்தியானம் அவளுக்கு நிஜமாகவே பசி என்றுதான் என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். எலுமிச்சஞ்சோறு என்றுதான் நான் இன்றைக்கும் சொல்கிறேன்.

வெட்டு எப்படிப் பழகினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவியிடம் கேட்க வெட்கம். அவளுடைய சிறுவயதுப் போட்டோ ஒன்று சட்டம் போட்டு எங்கள் வீட்டில் தொங்குகிறது. ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் வரைந்த அருவி, முன்னால் பிளாஸ்டிக் பூச்சாடி, நடுவில் அவள். உப்பிய பஃப் கை, லேஸ் வைத்த வட்டக் காலர், இடுப்பில் பட்டி, பட்டியின் முடிச்சு பின்னால் பெரிய பூவாக எட்டிப் பார்க்கிறது, கீழே அடுக்கடுக்காகச் சுருக்கம். அந்தப் போட்டோவை ஆணியிலிருந்து இறக்கி மெஷினில் சாய்த்து வைத்து, செய்தித்தாளில் வெட்டிப் பார்த்து, ரெண்டு பழைய பாவாடையைப் பலி கொடுத்துப் படித்தேன். எனக்குத் தெரிந்த வெட்டு அது ஒன்றுதான். எலுமிச்சஞ்சோறானாலும் தக்காளி ரசமானாலும் பீட்ரூட் பொரியலானாலும் உள்ளே இருப்பது அந்தப் போட்டோதான். கோயமுத்தூரில் இருக்கும் என் கொழுந்தியா ஒருமுறை வந்தவள், மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்ப விண்டேஜுங்க மாமா. அங்க இதுக்குன்னே தனிக் கடை இருக்குது" என்றாள். வேறு வெட்டுத் தெரியாததற்கு இவ்வளவு பெரிய பெயர் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தப் போட்டோவில் என் மனைவியின் முகம் அழுகிற மாதிரி இருக்கும். நான் அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

"கூச்சமில்லீங்க. அந்த லேஸ் கழுத்தைக் குத்துச்சு. போட்டோக்காரரு சிரி சிரிங்கறாரு, எனக்குக் கழுத்து எரியுது."

அதைக் கேட்ட பிறகு நான் தைக்கும் எல்லாவற்றுக்கும் உள்ளே என் பழைய வேட்டித் துணியை லைனிங்காக வைக்க ஆரம்பித்தேன். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆன வேட்டி. தையல் கோணலாக இருந்தாலும் என் துணி யாரையும் குத்தியதில்லை. என் திறமை என்று நான் சொல்லிக்கொள்வது அது ஒன்றுதான்.

பிறகு மகன் பிறந்தான். அவன் அக்காவுக்கு நேர் எதிர். எதையும் தின்பான், சாக்பீஸைத் தின்றிருக்கிறான். அவனுக்குச் சட்டையில் பப்படம் மாதிரி வட்டமாகப் பாக்கெட் வைத்துக் கொடுத்தேன். அவன் அதில் நிஜப் பப்படத்தை வைத்து, நினைத்தபோது எடுத்துக் கடித்துக்கொண்டு திரிந்தான். எறும்புகள் அவனை ஊரின் முக்கியப் புள்ளியாக மதித்தன.

இந்த வருடம் மாசியில் மகளுக்குப் பிறந்தநாள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் யூனிஃபார்ம்தான். பிறந்தநாள் பிள்ளை மட்டும் அன்றைக்குக் கலர் டிரஸ் போட்டு, மிட்டாய் டப்பாவோடு வகுப்பு வகுப்பாகப் போகலாம். வெள்ளைச் சட்டை நீலப் பாவாடைக் கூட்டத்தில் ஒரே ஒரு பிள்ளை நிறமாக நடந்து போகும் நாள் அது. வருடா வருடம் அந்த நாளுக்காக நான் தையிலேயே துணி பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இந்த முறை மாம்பழப் புளிசேரி, அதாவது மாம்பழம் போட்ட மோர்க்குழம்பு, என்று முடிவு செய்திருந்தேன். அந்த வெளிர்மஞ்சளைத் தேடித்தேடி வாங்கியும் வைத்துவிட்டேன்.

ஷெட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி சொம்போடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்த மஞ்சத் துணியை வெட்டிப்போட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நாளைக்கு ராத்திரி வெட்டறேன்."

"வெட்டாதீங்க. புள்ளைக்குக் கடைத்துணி வேணுமாமா."

"எந்தப் புள்ளைக்கு?"

"நமக்கென்ன பத்துப் புள்ளையா இருக்குது?"

நான் வழக்கம்போல ஏதோ சொன்னேன். கடைக்காரனுக்குப் புளிசேரி வைக்கத் தெரியுமா என்பது போல ஒன்று. அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை என் கையில் ஊற்றிக்கொண்டே போன வருடக் கதையைச் சொன்னாள். போன வருடம் தக்காளி ரசக் கவுன். சிவப்பு, கழுத்தோரம் கொத்தமல்லி. அதைப் போட்டுக்கொண்டு மிட்டாய் கொடுக்கப் போனபோது, வகுப்பில் ஒருவன் அவள் கையை மோந்து பார்த்து, "ரசம் மணக்குன்னுண்டல்லோ" என்று மலையாளத்தில் சொன்னானாம், ரசம் மணக்கிறதே என்று. பிறகு எல்லோரும் மோந்து பார்த்தார்களாம். அது அன்றோடு நிற்கவில்லை. யூனிஃபார்மில் போனாலும் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டுப் போவார்களாம். அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதுதான், அதுவும் அம்மாவிடம் மட்டும், அதுவும் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

"அப்புறம் எதுக்கு நீ சொல்றே?"

"சொல்லாட்டி நாளைக்கே அந்தத் துணியை வெட்டிப்போடுவீங்களே. நான் என்ன பண்ண?"

அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தேன். ஒரு வருடம் முழுக்க அந்தக் கவுனைப் பற்றி ஷெட்டில் பெருமையடித்திருக்கிறேன். பக்கத்தில் பெட்டி அடுக்கும் அக்காவிடம் மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று அவளுக்கே கணக்கு இருக்காது. அவள் என்னை "டெய்லர் தம்பி" என்றுதான் கூப்பிடுவாள்.

மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் நன்றாகவே சாப்பிடுகிறாள். நான் சாப்பிடாததைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சத்தியம் உடைந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா."

"சொல்லு அம்மிணி."

"கடையில வேண்டாமுங்க. நீங்களே தைங்க. ஆனா வெள்ளை. மொத்தமும் வெள்ளை. சாப்பாடு இருக்கக் கூடாது."

"வெள்ளைன்னா..."

"அப்பா. இட்லி, ஆப்பம், தயிரு, எதுவும் இருக்கக் கூடாது. நீங்க மனசுக்குள்ள நெனைக்கவும் கூடாது."

"மனசுக்குள்ள நெனைக்கறது உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சி தெரியுமுங்களே."

அவள் எனக்காக இறங்கி வந்த தூரம் எனக்குத் தெரிந்தது. கடைத்துணி கேட்ட பிள்ளை, அப்பா தட்டில் சோறு அப்படியே கிடக்கிறது என்பதற்காக ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். சாதாரணமான ஒரு வெள்ளைக் கவுன். யாரும் மோந்து பார்க்காத, யாரும் திரும்பிப் பார்க்காத கவுன். அதைத் தைத்துக் கொடுத்தால் அவள் பிறந்தநாளில் என் கைத்துணி இருக்கும். இல்லையென்றால் இந்த வருடத்தோடு முடிந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் அப்படித்தான்.

சாதாரணமாக ஒன்றைத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் கண்டேன். வழக்கமாக எனக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. சாப்பாடே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். வடை என்றால் பட்டன் எப்படி இருக்க வேண்டும், ரசம் என்றால் சுருக்கம் எவ்வளவு தளர்வாக விழ வேண்டும் என்று கை தானாகப் போகும். இப்போது ஒன்றும் இல்லாத ஒரு கவுனைத் தைக்க உட்கார்ந்தால், பட்டன் கடையில் மலைத்து நின்றேன். வெள்ளைப் பட்டன்கள் எல்லாம் உரித்த பூண்டு மாதிரியே இருந்தன. சத்தியமாக நான் நினைக்கவில்லை. அவையாகவே அப்படி இருந்தன.

சனிக்கிழமை மாலை முடித்துவிட்டேன். ஷெட்டிலிருந்து வந்தவன் கையை மட்டும் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு, வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மெஷினில் உட்கார்ந்து, கடைசி ஓரத்தை மடித்துத் தைத்து நூலைக் கடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் எதையும் தைத்ததில்லை. பஃப் கை ரெண்டும் ஒரே அளவில் உப்பியிருந்தன. அது இதற்கு முன் நடந்ததே கிடையாது, எப்போதும் ஒன்று உப்பியும் ஒன்று கோபித்துக்கொண்டும் இருக்கும். காலர் வட்டம் வட்டமாகவே இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. கவுனைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் போய், என் நெஞ்சோடு வைத்து அணைத்து, இப்படித் திரும்பினேன், அப்படித் திரும்பினேன். இடுப்புப் பட்டியைக்கூட என் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். எட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. சீசனில் எங்களுக்கு ஞாயிறும் கிடையாது. காலையில் நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். மனைவி கவுனை அலசி, கஞ்சி போட்டு, வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அவள் கொடிக்கயிற்றின் பக்கத்தில் நின்றிருந்தாள். பாலில் தண்ணீர் இருந்தும் சொல்ல மனம் வராத முகம் அவளுக்கு ஒன்று உண்டு. அந்த முகத்தோடு நின்றாள்.

"இங்க வாங்க. நேத்து இதை எங்க வெச்சீங்க?"

கவுனின் முன்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். நெஞ்சில் அடர்த்தியாக, கீழே போகப் போகச் சிதறி. குனிந்து என் வேலைச் சட்டையைப் பார்த்தேன். காம்பு கிள்ளும்போது பீய்ச்சியடிக்கிற பால் அங்கேதான் விழும். சனிக்கிழமை முழுநாள் விழுந்த பால். கையை அவ்வளவு தேய்த்துக் கழுவியவன் கண்ணாடி முன்னால் ஆடிய ஆட்டத்தில் நெஞ்சை மறந்துபோனேன்.

எலுமிச்சை தேய்த்தோம். சோப்புத் தேய்த்தோம். புள்ளிகள் இன்னும் பளிச்சென்று வந்தன. ஷெட்டு அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"மாங்காப் பாலு போவாது தம்பி. துணிதான் போவும்."

"வேற ஒண்ணும் வழியில்லையாக்கா?"

"இருக்குது. நீ வேற வேலைக்குப் போயிரு."

மனைவி நேரம் பார்த்தாள். "நாளைக்குக் காத்தால பொறந்தநாளு. சாயந்தரம் கொல்லங்கோட்டுல கடை தொறந்திருக்கும். கூட்டிட்டுப் போயி எடுத்துக் குடுத்துருங்க."

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அதற்குள் வெளியே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ரெண்டும் உள்ளே வந்துவிட்டன. நான் கவுனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். என் முதுகுக்கு ஒரு பொருளை மறைக்கும் அகலம் இருந்தாலும் என் முகத்துக்கு அந்தத் திறமை கிடையாது.

"காட்டுங்க" என்றாள் மகள்.

வாங்கி மெஷின் மேல் விரித்தாள். கையால் நீவிவிட்டாள். ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா தப்புப் பண்ணிப்போட்டன் கண்ணு. கடைக்குப் போலாம் வா. உனக்கு எது புடிக்குதோ எடுத்துக்க."

நான் விளையாட்டுப் பேச்சுப் பேசாமல் நின்றது அன்று ஒருநாள்தான் என்று மனைவி பிறகு சொன்னாள்.

மகன் அக்காவின் கைக்குக் கீழே தலையை நுழைத்துக் கவுனைப் பார்த்தான். அவன் பார்வைக்கு உலகம் சாப்பிடக்கூடியது, கூடாதது என ரெண்டே வகை.

"கடுகு" என்றான்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். கொடிக்கயிற்றில் பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நினைக்கக் கூடாது என்பது சட்டம்.

மகள் என் முகத்தைப் படித்தாள். "நீங்களும் நெனைச்சீங்கதானே?"

"இல்லீங்க அம்மிணி."

"பொய்யி."

"கொஞ்சூண்டு."

அவள் உதட்டை மடித்துக்கொண்டாள். பிறகு, யாரோ தன் கையை முறுக்கிச் சொல்லவைப்பது போல, "தேங்காச் சட்னி" என்றாள். அதற்கப்புறம் நாங்கள் நாலு பேரும் சிரித்த சிரிப்பில் கோழிகள் எட்டிப் பார்த்தன.

ஆனால் அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். "நாளைக்கு மறுபடியும் மோந்து பாப்பாங்க."

"அதுக்குத்தான் சொல்றேன், கடைக்குப் போலாம்." சாவியை ஆட்டிக் காட்டினேன்.

அவள் சாவியைப் பார்க்கவில்லை. என் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எங்களுக்கெல்லாம் தெச்சுக் குடுக்கறீங்க. நீங்க மட்டும் எதுக்குங்க கடைச் சட்டையே போடறீங்க?"

இத்தனை வருடத்தில் நான் தைத்ததில் ஒன்றைக்கூட நான் உடுத்தியதில்லை. எலுமிச்சஞ்சோற்றையும் ரசத்தையும் பப்படத்தையும் தெருவில் நடக்கவிட்டுவிட்டு, நான் கோடு போட்ட ரெடிமேட் சட்டையில் பின்னால் நடந்து போயிருக்கிறேன். எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"நான் இதைப் போட்டுக்கறேன். நீங்க இட்லியாப் போடோணும். நாளைக்கு ஸ்கூலுக்குக் கொண்டுவந்து விடும்போது."

"நானா?"

"சட்னி தனியாப் போவுமா?"

மனைவி ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தாள். "போடுவாருடா கண்ணு. நல்லாப் போடுவாரு."

என்னிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது, விசேஷங்களுக்கு மட்டும் போடுவது. அதை இட்லியாக்க வேண்டும். நான் கத்தரியை எடுத்துக் காலரில் எங்கே கை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு மனைவி, "தள்ளுங்க" என்றாள். மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அத்தனை வருடத்தில் முதல்தடவை. டேப்பைக்கூட எடுக்கவில்லை. கண்ணாலேயே அளந்து, காலரைப் பிரித்து, வட்டமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துவிட்டாள். மெஷின் அவள் காலுக்குக் கீழே வேறு சத்தம் போட்டது. என்னிடம் அது அப்படிப் பேசியதே கிடையாது.

"பஃப் கை வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"ஐயோ வேண்டாம். ஷெட்டுக்குப் போவோணும்."

"வைங்கம்மா" என்றாள் மகள்.

வைத்தாள். மீசையுள்ள ஆளுக்குப் பஃப் கை வைத்துத் தைத்த முதல் ஆள் எங்கள் பகுதியில் அவளாகத்தான் இருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பச்சை நூலில் கவுனின் கழுத்தோரம் கறிவேப்பிலை போட்டேன். எத்தனை இலை, எந்த இடம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் மகள் சொன்னாள். புள்ளி கூட்டமாக இருக்கும் இடத்தில் ஒரு காய்ந்த மிளகாயும் கேட்டாள். என் மனைவி கவுனை ஒருதரம் திருப்பி, உள்பக்கத் தையலையும் வேட்டி லைனிங்கையும் விரலால் தடவிப் பார்த்தாள். திருப்பி என் மடியில் வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சட்னியும் இட்லியும் தயார்.

காலையில் வண்டியில் முன்னால் பப்படம் நின்றான், நடுவில் நான், பின்னால் மிட்டாய் டப்பாவோடு சட்னி. அவள் ஒரு கையால் என் பஃப் கையைப் பிடித்துக்கொண்டாள். காற்றில் அது இன்னும் உப்பியது. வழியெல்லாம் மாங்காய் லாரிகள். தெரிந்த டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். வழக்கமாக அடிப்பதைவிட நீளமாக.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோதுதான் என் மகளின் கணக்கு எனக்கு விளங்கியது. வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். ஆனால் அவளை யாரும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். வட்டக் காலரும் உப்பிய கையுமாக ஒரு பெரிய ஆள் நின்றால், புள்ளி போட்ட கவுனை யார் பார்ப்பார்கள்? ஒரு பையன் தைரியமாகப் பக்கத்தில் வந்தான். என் இடுப்பு உயரம்தான் இருப்பான். மூக்கை உறிஞ்சினான். இவன்தான் அந்த ரசக்காரன் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மணம் வராது கண்ணு. ஆறிப்போன இட்லி" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். நிமிர்ந்து பார்த்தால் மகள் அதற்குள் பள்ளிக்கூடத்துக்குள் பாதி தூரம் போய்விட்டாள். கை ஆட்டவில்லை, திரும்பவில்லை. நீலப் பாவாடைகளுக்கு நடுவே அந்த வெள்ளையும் அதன் பெரிய முடிச்சும் மட்டும் ஆடிக்கொண்டே போயின. பிறகு என்ன நினைத்தாளோ, நின்று திரும்பி, தன் காலரை ஒரு விரலால் இழுத்துக் காட்டிவிட்டுத் தலையை ஆட்டினாள். குத்தவில்லை என்று அர்த்தம்.

சாயந்தரம் வரை சட்டையைக் கழற்றக் கூடாது என்பதும் ஒப்பந்தம். ஷெட்டில் என்னைப் பார்த்ததும் அக்கா கையிலிருந்த மாங்காயைக் கீழே வைத்தாள்.

"கண்ணாலம் ஏதாச்சும் இருக்குதா தம்பி?"

"இல்லக்கா. இட்லி."

"அப்பிடிச் சொல்லு. நான் மணப்பொண்ணோன்னு நெனைச்சேன்."

அன்று முழுக்க என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இட்லி, அந்தப் பெட்டியை எடு" என்றுதான் சொன்னார்கள். நானும் எடுத்தேன். காம்பு கிள்ளினேன். பால் வழக்கம்போல நெஞ்சில் பீய்ச்சியது. துடைக்கப் போய்க் கையை எடுத்துக்கொண்டேன். துடைத்தால் மட்டும் போய்விடவா போகிறது?

மாலையில் கூட்டிவரப் போனபோது அவள் ஒன்றுமே சொல்லாமல் வண்டியில் ஏறினாள். எனக்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. பாதி வழியில் கேட்டேன்.

"மோந்து பாத்தாங்களா கண்ணு?"

"ம்."

"அப்புறம்?"

"கடுகு எத்தனைன்னு எண்ணச் சொன்னேன். எண்ணினாங்க. ஒருத்தன் சொன்னது ஒருத்தனுக்கு ஒத்துவரலீங்க. டீச்சரும் எண்ணினாங்க. மத்தியானம் வரைக்கும் சண்டை."

"ரசக்காரனும் எண்ணுனானா?"

"அவன் ஆரம்பத்துல இருந்து எண்ணினான். உங்கப்பா நாளைக்கும் வருவாரான்னு கேட்டான்."

அவள் கவுனின் மடியில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. பள்ளிக்கூடச் சாம்பார். வீட்டு வாசலில் இறங்கும்போது நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அது நெசமான சாம்பாருங்க, அது போயிரும்" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் மனைவி இட்லிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வெயில் ஏறியதும் நெஞ்சிலும் வயிற்றிலும் புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நானும் மகளும் பக்கத்தில் நின்று, அடுப்பில் கடுகு வெடிப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப நீங்க ரவா இட்லிங்கப்பா" என்றாள்.

சமயம் பார்த்துக் கேட்டுவிட்டேன். "அடுத்த வருசம் அந்த மஞ்சத் துணியை வெட்டட்டுமா? புளிசேரி."

அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர் என்று அளக்கும் அவள் அம்மாவின் பார்வை.

"நீங்க என்ன போடுவீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றாள்.